நீல வண்டியின் டயர்கள்

ரோட்டில் ஒரு குடம் தண்ணீர் சிந்திக் கிடந்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கிளப்புவான் என்று அவனைப் பற்றி ஒரு கதை உண்டு. அதில் பாதி பொய். இறங்கியெல்லாம் பார்க்க மாட்டான், வேகத்தைக் குறைப்பான், அவ்வளவுதான். ஆனால் பேர் விழுந்தது விழுந்ததுதான். துணி தைக்கிற ஃபேக்டரிக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்குகிற அந்த வெள்ளை வேன் தெருமுனையில் திரும்பும்போதே, "நத்தை வந்தாச்சு, பையை எடுங்கடி" என்பார்கள். அவனுக்கும் அதில் கோபம் கிடையாது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவான்.

நத்தையாகவே பிறந்தவன் இல்லை அவன். முன்பு ஒரு பார்சல் கம்பெனியில் லாரி ஓட்டினான். ஊர் ஊராகச் சுற்றினான், வேகமாகத்தான் ஓட்டினான். அந்தக் கம்பெனியை மூடினார்கள். தொழில் கையில் இருந்தது, ஓட்டுவதற்கு வண்டி இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனை அவன் மனைவியின் அண்ணன்தான் தானாகக் கூப்பிட்டார்.

"வாங்க மாப்பிள்ளை. என்கிட்ட ரெண்டு வேன் நிக்குது, மாடியில ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. என் தங்கச்சியும் குழந்தையும் எங்கேயோ கஷ்டப்படறப்ப எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?"

சும்மா சொல்லக் கூடாது, மச்சான் அதை மனசாரத்தான் சொன்னார். சாமான்களை அவரே முன்னால் நின்று ஏற்றினார். பீரோவை மாடிப்படியில் திருப்ப முடியாமல் எல்லோரும் திண்டாடியபோது முண்டாசு கட்டிக்கொண்டு அவரும் தோள் கொடுத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான். வண்டி கொடுத்தார், வீடு கொடுத்தார். கொடுத்தார், கொடுத்தார் என்கிற அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் நத்தையின் கழுத்தைப் பிடித்தது. வேறு முதலாளியாக இருந்தால், சரிப்படவில்லை என்றதும் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டலாம். இங்கே சாவியை வைத்துவிட்டு எங்கே போவது? படியேறி அவருடைய மாடியில்தான் போய்ப் படுக்க வேண்டும்.

கீழே ஷெட். தகரக் கூரை. அதில் வெள்ளை வேன் ஒன்று, நீல வேன் ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், சக்கரம்கூட ஒரே அளவு. வெள்ளை வேன் தினமும் ஃபேக்டரி பெண்களுக்கு. நீலம், குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் வாடகைக்கு எடுக்கிற வண்டி. வாடகைக்கு வருகிறவர்கள் குனிந்து டயரைப் பார்ப்பார்கள், ஆகவே நல்ல டயர் நீலத்துக்கு. ஃபேக்டரி பெண்கள் டயரைப் பார்ப்பதில்லை. காலையில் தூக்கக் கலக்கத்தில் ஏறுகிறவர்கள் படியைப் பார்த்தால் போதாதா? ஆகவே வெள்ளைக்கு, கோடெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிப்போன மொட்டை டயர்.

அப்படியானால் வருஷா வருஷம் வண்டிச் சோதனைக்குப் போகும்போது என்ன செய்வார்கள் என்று கேட்கத் தோன்றும். அதற்கும் வழி வைத்திருந்தார் மச்சான். சோதனைக்கு முந்தின நாள் பஞ்சர்காரர் ஜாக்கியோடு வருவார். நீலத்திலிருந்து நல்ல டயர்களைக் கழற்றி வெள்ளைக்கு மாட்டுவார். சோதனை முடிந்து வந்ததும் திரும்பக் கழற்றி நீலத்துக்கே மாட்டிவிடுவார். விசேஷத்துக்கு இரவல் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்வருகிற மாதிரிதான். இதை மச்சான் தப்பு என்றே நினைத்ததில்லை. "வண்டி ஒண்ணு நின்னாத்தானே இன்னொண்ணு ஓடுது. ரெண்டுக்கும் எதுக்குத் தனித்தனியா?" என்பார். அவருக்கு அது சிக்கனம்.

நத்தைக்கு நத்தை என்று பேர் வந்த கதையும் இந்த டயரில்தான் இருக்கிறது.

அது ஒரு மழைக் காலை. வெளிவட்டச் சாலையில் ஒரு தாழ்வான இடம் உண்டு, இரண்டு பக்கமும் தரிசு நிலம், மழை பெய்தால் தண்ணீர் ரோட்டின் மேலேயே தகடு மாதிரி நிற்கும். ஃபேக்டரி கேட்டை நேரத்துக்கு மூடிவிடுவார்கள், தாமதமாகப் போனால் அரை நாள் போச்சு. அதனால் கொஞ்சம் விரட்டிக்கொண்டுதான் போனான். அந்தத் தண்ணீரில் சக்கரம் ஏறியதும் முதலில் சத்தம் நின்றது. ரோட்டில் டயர் உருளும்போது கீழே ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்குமே, அது. அப்புறம் ஸ்டீயரிங் லேசானது. லேசானது என்றால், அந்தப் பக்கம் ஒன்றுமே மாட்டியிருக்காத மாதிரி. இந்தப் பக்கம் திருப்பினான், வண்டி கேட்கவில்லை. அந்தப் பக்கம் திருப்பினான், கேட்கவில்லை. வண்டி ரோட்டிலேயே இல்லை, தண்ணீரின் மேல் போய்க்கொண்டிருந்தது. செய்யக் கூடாததைச் செய்தான், பிரேக்கில் ஏறி நின்றான்.

வேன் சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றியது. கண்ணாடிக்கு வெளியே தரிசு நிலம் போனது, ரோடு போனது, மறுபடி தரிசு நிலம் வந்தது. உள்ளே ஒருத்தரும் கத்தவில்லை. கத்துவதற்குள் முடிந்துவிட்டது. பின்சக்கரம் ஓரச் சேற்றில் இறங்கி, வண்டி வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. சாப்பாட்டு டப்பா ஒன்று மட்டும் இருக்கைக்கு அடியில் உருண்டு உருண்டு கடைசியில் அவன் காலடியில் வந்து நின்றது.

முன்சீட்டில் எப்போதும் உட்காருகிறவள் காலர் அக்கா. ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைக்கிற பிரிவுக்கு மேற்பார்வை. வாய்க்குப் பேர் போனவள். அவள்தான் முதலில் பேசினாள்.

"டிரைவரே, ஃபேக்டரி அந்தப் பக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்களில் ஒரு பெண் திடீரென்று அழ ஆரம்பித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கப் பார்த்தான். விரல் விரிய மறுத்தது.

அன்று சாயங்காலம் பஞ்சர்காரர் முன்டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஒதுங்கறதுக்கு டயர்ல வழி வேணும் தம்பி. இதுல கோடே இல்ல. தண்ணி எங்க போகும்? டயருக்கு அடியிலதான் போகும், வண்டியைத் தூக்கிடும்" என்றார். அந்த மாதிரி சமயத்தில் பிரேக் அடிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். காத்திருப்பதாம். ஏற்கெனவே காத்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

மச்சானிடம் போய் நின்றான். அவர் கீழ்வீட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், வெள்ளைக்கு டயர் போடணும்."

"போட்டுடலாம் மாப்பிள்ளை."

"இன்னிக்கு வண்டி ஒரு சுத்துச் சுத்திருச்சு."

"கேள்விப்பட்டேன். அந்த இடத்துல கொஞ்சம் மெதுவாப் போயிருக்கலாமே நீங்க? லாரி ஓட்டின கை, அந்த வேகம் இன்னும் போகல." பேப்பரை மடித்தார். "டயர்ல இன்னும் உயிர் இருக்கு மாப்பிள்ளை. எல்லாம் ஓட்டறவன் கையிலதான் இருக்கு. உக்காருங்க, டீ சாப்பிடுங்க."

உட்கார்ந்து டீ சாப்பிட்டான். வேறென்ன செய்வது? அந்த டீயைக் கொண்டுவந்து கொடுத்தது அவன் மகள். மாமா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை மடியில் இருக்கும்போது, 'உங்கள் டயரால் செத்துப் பிழைத்தோம்' என்று எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்துதான் நத்தை. வானம் கறுத்தாலே வேகம் குறையும். வண்டி மெதுவாகப் போனால் கேட்டை மூடிவிடுவார்கள், கேட்டை மூடினால் பெண்கள் அவனைத்தான் திட்டுவார்கள். வேகமாகப் போனால் டயர். அரை நாள் சம்பளம் போனவளுக்கு ஆறுதல் சொல்லவும் முடியாது, காரணம் சொல்லவும் முடியாது. சொன்னால் அது மச்சான் காதுக்குப் போகும், மச்சான் தங்கச்சியிடம் சொல்வார், தங்கச்சி இரவு சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு, "எங்க அண்ணனை ஏன் ஊர் முழுக்க இழுக்கறீங்க?" என்பாள். இத்தனைக்கும் அவள் கெட்டவளில்லை. அண்ணன் கூரைக்குக் கீழே புருஷனோடு இருக்கிறவள், அவளுக்கும் நடுவில் மூச்சு முட்டியது. கனவில்கூட அவன் தண்ணீரின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தான். கையில் ஸ்டீயரிங் இருக்கும், அது எதோடும் சேர்ந்திருக்காது.

இப்படியே இருக்கையில் வருஷச் சோதனை வந்தது. வழக்கம்போல் பஞ்சர்காரர் வந்தார், நீலத்தின் டயர்கள் வெள்ளைக்கு மாறின, சோதனையும் முடிந்தது. சாயங்காலம் ஷெட்டில் பஞ்சர்காரர் ஜாக்கியை எடுத்துவைத்துக்கொண்டு, "திருப்பி மாத்திடவா?" என்று கேட்டார். மச்சான் ஊரில் இல்லை.

"இருக்கட்டும்ணே" என்றான் நத்தை.

"இருக்கட்டும்னா?"

"ரெண்டு நாள் போகட்டும். நானே சொல்றேன்."

பஞ்சர்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவன் கணக்கு இதுதான். வாடகைக்கு ஆள் வராத காலம், நீலம் எப்படியும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் போகிறது. மழைக்காலம் முடியும்வரை நல்ல டயர் வெள்ளையில் இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதோடு விட்டானா? பக்கத்துச் சேற்றை ஒரு வாளியில் கரைத்து வெள்ளையின் நல்ல டயர்களில் பூசினான். நீலத்துக்குப் போயிருந்த மொட்டை டயர்களுக்குக் கறுப்பு பாலிஷ் போட்டு, இருட்டில் பளபளவென்று நிற்கவைத்தான். மச்சான் டயரைக் குனிந்து பார்க்கிற ஆளில்லை. ஷெட்டுக்குள் வந்தால் காலால் ஒரு தட்டுத் தட்டுவார், போய்விடுவார். அப்படித்தான் தட்டினார், போனார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவன் மனுஷனாக இருந்தான். மழையில் வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. டயரின் இரைச்சல் காதுக்கு நன்றாக இருந்தது. கேட் மூடும்முன் ஃபேக்டரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். "நத்தைக்கு றெக்கை முளைச்சிருச்சு" என்றாள் காலர் அக்கா. இரவில் புரண்டு படுக்காமல் தூங்கினான். "என்ன, இப்பல்லாம் குறட்டை பலமா இருக்கு?" என்று மனைவி கேட்டாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வீட்டில் எதைச் சொன்னாலும் படியிறங்கிக் கீழே போய்விடும் என்று ஒரு பயம்.

ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வேலை விட்டு வந்த பெண்கள் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு ஏறினார்கள். வெளிவட்டச் சாலைக்கு ஏறுகிற மேம்பாலத்தில் நெரிசல், முன்னால் லாரி, பின்னால் லாரி, இடமும் வலமும் பாலத்தின் சுவர். கண்ணாடிகளை ஏற்றிவிட்டதால் உள்ளே எல்லாருடைய மூச்சும் படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்போது முன்னால் மாட்டியிருந்த போனில் மனைவி கூப்பிட்டாள். வண்டி ஓட்டும்போது ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், பின்சீட்டுவரை கேட்கும். அந்த வண்டியில் அவனுக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது.

"என்னங்க, பெரியம்மா வழுக்கி விழுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. அண்ணன்கூடக் கிளம்பிட்டோம். சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன்."

"எதுல கிளம்பினீங்க?"

"எதுலன்னா? நீல வண்டியிலதான். இந்த மழையில பைக்லயா போவாங்க? பாப்பாவும் வந்திருக்கா. வெளிவட்டச் சாலைக்கு வந்துட்டோம்."

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெரிசலில் நின்றிருந்ததால் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மெதுவா வரச் சொல்லு. மழை ஜாஸ்தியா இருக்கு."

மறுமுனையில் மச்சானின் குரல் கேட்டது. அந்தப் போனும் ஸ்பீக்கரில்தான் இருந்திருக்கிறது. "எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றாரா உன் வீட்டுக்காரர்? மாப்பிள்ளை, நீங்க உருட்டற வண்டி இல்ல இது. டயர் புதுசு. தண்ணியில கிழிச்சிக்கிட்டுப் போகுது பாருங்க."

"மாமா, இன்னும் ஃபாஸ்ட்டா" என்று மகள் சொன்னது கேட்டது. எஞ்சின் உறுமியதும் கேட்டது.

டயர் புதுசு என்ற நம்பிக்கையில்தான் அந்த மனுஷர் காலை அழுத்துகிறார். மொட்டை என்று தெரிந்தால் அழுத்த மாட்டார். அந்த நம்பிக்கைக்குப் பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்தது யார்? கொஞ்ச தூரத்தில் அந்தத் தாழ்வான இடம், இரண்டு பக்கமும் தரிசு நிலம். நத்தைக்கு அந்த இடம் கண்ணுக்குள் வந்து நின்றது. சொன்னால் வேலை போகும், மாடி போகும், மனைவி முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால்? வைப்பர் இங்கும் அங்கும் போய்வந்தது.

"மச்சான்" என்றான். "அது புது டயர் இல்ல. புதுசு என் வண்டியில இருக்கு. நான்தான் மாத்தாம வச்சிருக்கேன். உங்க வண்டியில இருக்கறது மொட்டை. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க. பிரேக் அடிக்காதீங்க. ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சுக்கங்க. பிரேக் மட்டும் அடிக்காதீங்க மச்சான்."

மழை தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு சத்தம், மனைவியின் "அண்ணா" என்ற குரல், அப்புறம் போன் நின்றுவிட்டது.

திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. முன்னால் லாரி நகரவில்லை. இறங்கி ஓடலாம் என்றால் எவ்வளவு தூரம் ஓடுவது, இத்தனை பெண்களைப் பாலத்தின் நடுவில் விட்டுவிட்டு? ஹார்ன் அடித்தான். அடித்து என்ன பயன், முன்னால் இருந்தவனும் அடித்துக்கொண்டுதான் இருந்தான். காலர் அக்கா கையை நீட்டி அவன் கையை ஹார்னிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நாங்க தினம் வர்றது அந்த டயர்லதானா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"இப்ப இல்ல" என்றான்.

"முன்னாடி?"

அவன் முன்கண்ணாடியில் படிந்திருந்த மூச்சைக் கையால் துடைத்தான். லாரி ஒரு அடி நகர்ந்தது, இவனும் ஒரு அடி நகர்ந்தான். தன் வண்டிக்கு அடியில் நல்ல டயர் இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. குழந்தை சாப்பாட்டை எடுத்துத் தான் தின்றவன் மாதிரி அழுகை வந்தது. அழுதான். பெண்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட வரவில்லை.

பாலத்தின் இறக்கத்தில் போன் அடித்தது. மனைவி.

"ஒண்ணும் இல்லைங்க. ஒண்ணும் இல்ல. பாப்பா நல்லா இருக்கா. தண்ணியில ஏறினதும் வண்டி ஒரு பக்கமா இழுத்துது, அண்ணன் பிரேக் அடிக்கல. தானா நேராயிருச்சு. பெட்ரோல் பங்க்ல ஓரமா நிக்கறோம். அண்ணன் இறங்கி டயரைப் பார்த்துக்கிட்டு இருக்காரு."

அவன் மூச்சு விட்டான். வண்டி முழுக்க எல்லோரும் விட்டார்கள். அப்போது மச்சான் போனை வாங்கினார். மழைச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கடைசி சீட்டுவரை போனது.

"ஏன் மாப்பிள்ளை, இந்த டயரை வச்சுக்கிட்டு எப்படி வண்டி ஓட்டறது? கோடே இல்லையே. உள்ளே மனுஷங்க இருக்காங்கன்னு வேண்டாமா? இதுல இனி ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன் நான்."

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "சரி, வந்து சேருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

பங்க்கில் நீல வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வெள்ளையில் ஏறினாள். அவனைப் பார்க்கவில்லை. பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள், குழந்தையை மடிக்கு மடி வாங்கித் துவட்டினார்கள். மச்சான் வெளியே நனைந்துகொண்டு நின்றார். டயரை இங்கேயே மாற்றச் சொல்வார் என்று நத்தை எதிர்பார்த்தான். இத்தனை பேர் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது எப்படிச் சொல்வார்? நீலத்தைப் பூட்டிவிட்டு வந்து எஞ்சின் பெட்டிமேல் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு விடுங்க, எங்களை அப்புறம் விடலாம்" என்றாள் காலர் அக்கா. வழியில் ரோட்டில் தண்ணீர் நின்ற இடம் ஒன்று வந்தது. மச்சான் கையை நீட்டி எதிரிலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா, மாப்பிள்ளை" என்றார்.

"நாளைக்கு இந்த டயர் எந்த வண்டிக்கு, முதலாளி?" என்று காலர் அக்கா கேட்டாள், ஏதோ பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி.

மச்சான் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரவு மாடியில் மனைவி ஒரு வார்த்தைதான் பேசினாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்." அவன், "உன்கிட்ட சொன்னா அண்ணன்கிட்ட சொல்ற மாதிரிதானே" என்றான். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது நிஜம் என்பதால்தான் அவளுக்கு அவ்வளவு வலித்தது.

காலையில் படியிறங்கியபோது ஷெட்டில் இரும்புச் சத்தம் கேட்டது. நீலத்தை யாரோ இழுத்துக்கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வெள்ளை வேன் ஜாக்கிமேல் நின்றது. பஞ்சர்காரர் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"முதலாளி சொன்னாரு" என்றார், நிமிராமல். "நீலத்துக்கு மாட்டணுமாம்."

வானம் அடைத்துக்கொண்டு நின்றது. தெருமுனையில் பெண்கள் காத்திருப்பார்கள். நத்தைக்குக் கோபம்கூட வரவில்லை. இது நடக்கும் என்று தெரிந்துதான் படியிறங்கியிருந்தான். ஆனால் கால் வண்டிப் பக்கம் போகவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டெப்னிமேல் உட்கார்ந்தான்.

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன உக்காந்துட்டீங்க? நேரமாகுது. முடிஞ்சதும் எடுங்க."

"நீங்க ஓட்டுங்க மச்சான்."

"என்ன?"

"அவங்களை நீங்க கொண்டுபோய் விடுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அவன் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. சாவியை நீட்டிக்கொண்டிருந்தான். மச்சான் சாவியைப் பார்த்தார், வாங்கவில்லை. "வீடு, வண்டின்னு எல்லாம் கொடுத்து வச்சா..." என்று ஆரம்பித்தார்.

மாடிப்படியில் மெட்டிச் சத்தம் கேட்டது. மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். குழந்தை பள்ளிக்கூடப் பையோடு இருந்தாள். அவள் அண்ணனையும் புருஷனையும் தாண்டிப் போய், ஜாக்கிமேல் சாய்ந்து நின்ற வெள்ளை வேனின் கதவைத் திறந்து குழந்தையை முதலில் ஏற்றினாள். அப்புறம் தானும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"எங்களையும் ஸ்கூல்ல விட்டுருண்ணா. போற வழிதானே."

மச்சான் தங்கச்சியைப் பார்த்தார். ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு சிரித்த குழந்தையைப் பார்த்தார். தகரக் கூரையில் மழையின் முதல் சொட்டுகள் விழ ஆரம்பித்தன. பஞ்சர்காரர் ஸ்பேனரோடு நிமிர்ந்தார்.

"அண்ணே, மீதியையும் கழட்டவா, இதைத் திருப்பி இங்கேயே மாட்டவா?"

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாட்டு" என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனார். இருங்கள் என்றும் சொல்லவில்லை, மாடியைக் காலி பண்ணுங்கள் என்றும் சொல்லவில்லை.

பஞ்சர்காரர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெள்ளை வேன் பக்கம் வந்தார். நத்தை எழுந்து போய் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். போல்ட்டுகள் ஒவ்வொன்றாக இறுகின. தெருமுனையில் காலர் அக்காவின் குரல் கேட்டது, "நத்தை எங்கடி இன்னும் காணோம்?"